குறியும் கருவியும்

கொல்லிமலையை ஆண்ட ஓரியைத் தமிழர் ‘வல்வில் ஓரி’ என்றே வழங்கினர். வில் வேறு, வில்லாளன் வேறு என்று பிரித்துச் சொல்ல இயலாதபடி இரண்டும் ஒரே பெயராயின. குறிபார்த்து எய்யும் கலையின் உட்பொருள் அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது எனலாம். கருவி கையோடு ஒன்றவேண்டும். ஒன்றாவிட்டால் எத்துணைச் சிறந்த கருவியும் சுமையே ஆகும். இன்று வில்லோடு துப்பாக்கியும் விளையாட்டுக் களத்துக்கு வந்துவிட்டது. ஆயினும் அந்தப் பழைய நியதி மாறவில்லை. போட்டிக்குரிய துப்பாக்கியையும் துணைக் கருவிகளையும் எவ்வாறு தேர்வது, எவ்வாறு நமக்கேற்பப் பொருத்திக்கொள்வது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

யமுனையின் கீழ்க்கரையில், மயூர் விஹாரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த விளையாட்டு தொலைவிலுள்ள ஒன்றன்று. 2010-ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டு வீரர்கள் தங்கிய குடியிருப்பு நம் பகுதியை அடுத்தே அமைந்தது. ஆற்றைக் கடந்து தெற்கே சென்றால், துக்ளகாபாத் கோட்டைப் பகுதியில், 1982-ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுக்கென எழுப்பப்பட்ட சுடுகளம் இருக்கிறது. 1962-இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளி வென்ற பிகானேர் மன்னர் டாக்டர் கர்ணி சிங்கின் பெயரை அது தாங்கி நிற்கிறது. இந்திய தேசிய ரைபிள் சங்கம் 1951-இல் தோன்றியபோது, மக்களவையின் முதல் சபாநாயகரான மாவலங்கரே அதன் முதல் தலைவராக இருந்தார். அன்று சிலருக்கே உரியதாயிருந்த இவ்விளையாட்டு இன்று நடுத்தரக் குடும்பங்களின் வாயிலுக்கும் வந்துவிட்டது.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் பெருமையோடு நினைக்கத்தக்க சான்று ஒன்றும் உண்டு. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-இல் ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 10 மீட்டர் காற்று ரைபிள் பிரிவில் தங்கம் வென்றார். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களிலும் பங்குகொண்டார். பிறந்த ஊரை விட்டு வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி, வந்த ஊரிலேயே பயின்று உலக அரங்கில் ஏறினாள் என்பதைக் கேட்கும் நம் வீட்டுப் பிள்ளைகள், “அப்பா, எனக்கும் ஒரு ரைபிள் வேண்டும்” என்று கேட்பது இயல்பே. போட்டிக்குரிய வெளிநாட்டு ரைபிளின் விலையோ சில இலட்சம் ரூபாய். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தை எதில் இடுவது, எப்பொழுது இடுவது என்பது அந்தத் தந்தைக்குச் சிறிய வினா அன்று.

முதலில் எந்த வகைத் துப்பாக்கி என்பதைத் தெளிந்துகொள்வோம். மேலைநாடுகள் பலவற்றில் ‘செயல்முறைச் சுடுபோட்டி’ என ஒன்று நடைபெறுகிறது. அதில் வீரர் ஓரிடத்தில் நில்லாமல், ஓடியும் திரும்பியும் பல குறிகளை அடுத்தடுத்துச் சுடுவார். பெற்ற புள்ளியை எடுத்த நேரத்தால் வகுத்து மதிப்பிடுவர். 1976-இல் அதற்கென ஓர் உலக அமைப்பும் தோன்றியது. ஆனால் அதில் பெரிதும் பயன்படும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் நம் ஆயுதச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. பொதுமக்கள் எளிதில் பெறக்கூடியதன்று. விரைவும் குறியும் ஒருங்கே வேண்டப்படும் ஒலிம்பிக் போட்டி என்றால், 25 மீட்டர் விரைவுப் பிஸ்டலைச் சொல்லலாம். ஐந்து குறிகளை முதலில் 8 நொடியிலும், பின்னர் 6 நொடியிலும், முடிவில் 4 நொடியிலும் சுடவேண்டும். 2012-இல் லண்டனில் விஜய குமார் வெள்ளி வென்றது இப்பிரிவில்தான். இவற்றுக்கெல்லாம் அரிச்சுவடியாக அமைவது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி. துளை 4.5 மில்லிமீட்டருக்கும், ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டுவதில்லை. ஆகவே நம் குடும்பத்துப் பிள்ளைகள் தொடங்கத்தக்க இடம் அதுவே.

தொடங்குவோர் முதலில் செய்யவேண்டுவது, வாங்காமல் இருப்பது. பயிற்சிக் களத்தின் துப்பாக்கியைக் கொண்டே சில திங்கள் பழகவேண்டும். ரைபிளா பிஸ்டலா என்பதே அதற்குள்தான் விளங்கும். எந்தக் கண் ஆளும் கண் என்பதையும் அறிந்துகொள்ளவேண்டும். இரு கண்களையும் திறந்தபடி கட்டைவிரலை நீட்டித் தொலைவிலுள்ள ஒரு பொருளை மறைத்து, பின் கண்களை மாறி மாறி மூடிப் பார்த்தால், எந்தக் கண் திறந்திருக்கையில் விரல் இடம் பெயராமல் நிற்கிறதோ அதுவே ஆளும் கண். வலக்கைப் பழக்கமும் இடக்கண் ஆட்சியும் உடைய பிள்ளைகள் பலர் உண்டு. இதைக் காணாமல் வலக்கை ரைபிளை வாங்கிவிட்டால் பணமும் காலமும் வீணாகும்.

ரைபிளைத் தேர்கையில் நிறுவனத்தின் பெயரினும் முதன்மையானது அதன் உடற்பொருத்தம். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டெயர் முதலிய பெயர்பெற்ற நிறுவனங்களின் துப்பாக்கிகள் யாவும், நன்கு பற்றி நிறுத்திச் சுட்டால், ஒரே துளையில் அடுத்தடுத்து ரவையைச் செலுத்த வல்லவை. வேறுபடுவது மனித உடல். தோளில் பதியும் பின்தட்டின் நீளம், கன்னம் படியும் கட்டையின் உயரம், கைப்பிடியின் கோணம் ஆகிய மூன்றையும் திருகாணிகளால் மாற்றிக்கொள்ள இயலுமா என்று பார்க்கவேண்டும். பொருத்தம் சரியா என்பதற்கு எளிய சோதனை உண்டு. கண்களை மூடி ரைபிளைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைப் படியவைத்து, பின் கண்களைத் திறக்கவேண்டும். தலையை வளைக்காமலும் கழுத்தை நீட்டாமலும் சைட்டின் துளை கண்ணுக்கு நேரே நிற்குமானால் பொருத்தம் சரி. ரைபிளின் எடை 5.5 கிலோவுக்கு மேற்படலாகாது என்பது விதி. அந்த வரம்பைத் தொடவேண்டும் என்பது விதியன்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முதுகெலும்பு அதைத் தாங்குமா என்பதையும் எண்ணவேண்டும்.

குறியின் நுண்மையைச் சற்று நினைத்துப் பார்ப்போம். காற்று ரைபிள் குறியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி 80 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 10 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் பிசகும். பத்துப் புள்ளி பெறவேண்டிய இடத்தில் ஆறுதான் கிட்டும். ஆகவே சைட்டைத் திருத்துவதில் ஒரு முறைமை வேண்டும். ஒரு ரவை விலகியவுடன் திருகாணியைத் திருப்புவது கூடாது. ஐந்து ரவைகளைச் சுட்டுப் பார்க்கவேண்டும். ஐந்தும் ஒரே இடத்தில் நெருங்கி விழுந்து, அவ்விடம் நடுவிலிருந்து விலகியிருந்தால், குறை சைட்டினுடையது, திருத்தலாம். ஐந்தும் சிதறி விழுந்தால் குறை நிலையிலோ, மூச்சிலோ, விரலிலோ, ரவையிலோ இருக்கிறது. சைட்டைத் திருப்புவதால் அது தீராது. கருவியைப் பழிப்பதற்கு முன் சிதறலைப் படிக்கக் கற்றவனே நல்ல மாணாக்கன்.

விசையைப் பற்றியும் ஒரு சொல். காற்று ரைபிளின் விசைக்குக் குறைந்த எடை வரம்பு இல்லை. காற்றுப் பிஸ்டலின் விசையோ 500 கிராமுக்குக் குறையலாகாது. போட்டிக்கு முன் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பர். விசை மெல்லியதாய் இருந்தால் நன்று என்று எண்ணித் தொடக்கத்திலேயே மிகவும் இளக்கிவிட்டால், மனம் ஒப்புமுன் ரவை பறந்துவிடும். முதல் அழுத்தம் தெளிவாக ஓரிடத்தில் நின்று, இரண்டாம் அழுத்தத்தில் அதிராமல் விடுபடவேண்டும். அந்த எல்லையை விரல் உணரும்படி அமைத்துக்கொள்வதே விசையைப் பதப்படுத்துதல்.

ரவையின் தேர்வில் பலர் அக்கறை காட்டுவதில்லை. 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் எனத் தலையளவு வேறுபட்ட ஈயரவைகள் விற்கின்றன. ஒரே அளவு குறித்த டப்பாக்களும் வார்ப்புக்கு வார்ப்பு சற்று மாறுபடும். ஒவ்வொரு குழலுக்கும் உவப்பான ரவை ஒன்று உண்டு. துப்பாக்கியை அசையாதபடி பிணைத்து, பல வகை ரவைகளைச் சுட்டு, எது மிக நெருங்கிய துளையைத் தருகிறதோ அந்த வார்ப்பையே கூடுதலாக வாங்கி வைப்பது முறை. புதுக் குழல் வாங்குவதைக் காட்டிலும் இது செலவு குறைந்த வழி.

பிஸ்டலுக்குப் பிடியே உயிர். மரப்பிடியை அரத்தால் அராவியும், மரப்பசை அப்பியும் கைக்கேற்பச் செதுக்கிக்கொள்ளலாம். ஆனால் அது மணிக்கட்டைச் சூழ்ந்து தாங்கலாகாது. கையை நீட்டியவுடன் முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் தானே வந்து அமரவேண்டும். ரைபிள் வீரர் அணியும் தடித்த சட்டைக்கும் வரம்பு உண்டு: துணியின் தடிப்பு 2.5 மில்லிமீட்டருக்கு மிகலாகாது. வளரும் பிள்ளைக்கு உடலை ஒட்டித் தைத்த விலையுயர்ந்த சட்டை ஆண்டுக்கொன்று வேண்டியிருக்கும். ஆகவே தொடக்கத்தில் மூத்த மாணவர் விட்டுச்சென்ற சட்டையே போதும்.

கருவி எவ்வளவு வேண்டும் என்பதற்கு அண்மைக்கால வரலாறு நல்ல விடை தருகிறது. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கி வீரர் யூசுஃப் டிகெச், தனிவகைக் கண்ணாடியோ மறைப்போ இன்றி, தம் அன்றாட மூக்குக்கண்ணாடியோடு, ஒரு கையைக் கால்சட்டைப்பையில் இட்டபடி நின்று, கலப்பு இரட்டையர் காற்றுப் பிஸ்டலில் வெள்ளி வென்றார். உலகம் வியந்தது. ஆனால் அவர் கையிலிருந்த பிஸ்டல் அவருக்கு நெடுங்காலம் பழகியது என்பதை நாம் மறக்கலாகாது. மறுபுறம், 2021-இல் டோக்கியோவில் மனு பாக்கரின் பிஸ்டல் போட்டியின் நடுவே பழுதுற்றது. அரிய நிமிடங்கள் கழிந்தன. இரண்டு புள்ளிகளில் இறுதிச் சுற்று வாய்ப்புக் கைநழுவியது. அதே மங்கை மூன்றாண்டு பொறுத்துப் பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வென்றார். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா, இறுதிச் சுற்றுக்கு முன் சோதனை ரவை பெரிதும் விலகிப் பாய்ந்ததைக் கண்டு, கிடைத்த சிறு பொழுதில் சைட்டைத் திருத்தி அமைத்தார். கடைசி ரவையில் 10.8 புள்ளி பெற்றுத் தங்கம் வென்றார். மிகுதியான கருவி வெற்றி தராது. ஆனால் தன் கருவியை அறியாதவன் நெருக்கடியில் தவிப்பான் என்பதையே இம்மூன்றும் கூறுகின்றன. எனவே திருகாணிச் சாவிகள், மாற்று வளையங்கள், எந்தத் திருகாணி எந்த அளவில் நிற்கிறது எனக் குறித்த ஏடு ஆகியன எப்பொழுதும் பெட்டியில் இருத்தல்வேண்டும்.

வீட்டில் பேணும் முறையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ரைபிளின் காற்று உருளையில் ஏறத்தாழ 200 பார் அழுத்தம் அடங்கியிருக்கிறது. தில்லியின் சித்திரை, வைகாசி வெயிலில், பூட்டிய காருக்குள் அதை விட்டுச்செல்லலாகாது. உருளையில் பொறித்த காலவரம்பு கடந்தால், போட்டியில் ஏற்கமாட்டார்கள். வீட்டிலும் அதை வைத்திருப்பது தீங்கு. மயூர் விஹாரின் அடுக்குமாடிகளில் பால்கனிக்கு எதிரே பால்கனி இருக்கிறது. அங்கே நின்று ஒரு ரவையேனும் சுடுவது குற்றத்துக்கு நிகர். புறாவையும் அணிலையும் குறிவைப்பது விளையாட்டன்று, கொடுமை. வீட்டுக்குள் செய்யத்தக்கது ரவையில்லாப் பயிற்சி மட்டுமே. சுவரில் ஒரு கரும்புள்ளி, காலியென இருமுறை பார்த்த குழல், விசையை அழுத்தும்போது சைட் அசைகிறதா என்று நோக்கும் கண் ஆகியவை போதும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. நாள்தோறும் அரைமணி செய்த பிள்ளைக்கும் செய்யாத பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு ஓராண்டில் புள்ளிப் பட்டியலில் தெரியும். பயிற்சி முடிந்தபின் துப்பாக்கி ஒரு பூட்டிலும், ரவை வேறொரு பூட்டிலும் இருக்கவேண்டும். சாவி பெற்றோரிடம் இருக்கவேண்டும்.

ஆகவே செலவின் வரிசையை இவ்வாறு வகுக்கலாம். முதலாவது நல்ல பயிற்றுநர். இரண்டாவது களத்துக்குச் சென்றுவரும் நேரமும் வழிச்செலவும். மூன்றாவது தக்க ரவை. நான்காவது காலணியும் சட்டையும். ஐந்தாவதாகவே சொந்தத் துப்பாக்கி. வாங்கும் நாளில் அந்தப் பிள்ளை தன் அளவுகளைத் தானே அறிந்திருப்பான். பின்தட்டு எவ்வளவு நீளவேண்டும், கன்னக்கட்டை எவ்வளவு உயரவேண்டும் என்று கடைக்காரரிடம் அவனே எடுத்துச் சொல்வான். அப்பொழுது இடும் பணம் வீண்போகாது. அந்த நிலையை அடையுமுன் ஆர்வம் வேறு துறைக்கு மாறிவிட்டாலும் குடும்பத்துக்கு இழப்பில்லை. நிமிர்ந்து நிற்கவும், மூச்சை அடக்கவும், தன் பிழையைத் தானே காணவும் கற்ற பயன் அவனிடம் எஞ்சும்.