பெருந்தன்மை யாருக்கான சொல்?

(ஓசூரில் நடந்த குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறேன்: பெருந்தன்மை.

பேச்சுவழக்கில் இதைப் 'பெரிய மனசு' என்கிறோம். நம் வகுப்பில் வீட்டுமொழி தெலுங்காக உள்ள குழந்தைக்கு அது 'பெத்த மனசு'. கன்னடக் குழந்தைக்குத் 'தொட்ட மனசு'. ஆகவே ஓசூரில் இச்சொல்லின் பொருளை விளக்குவது எளிது. அதை யாரிடம் சொல்கிறோம் என்பதில்தான் கவனம் தேவை.

சிப்காட் வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன். தமிழ் இன்னும் பிடிபடவில்லை. அவனுடைய ஜியாமெட்ரி பாக்ஸை இன்னொருவன் உடைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். "போனால் போகிறது, பெருந்தன்மையாக விட்டுக்கொடு" என்றால் வகுப்பு உடனே அமைதியாகிவிடும். ஆனால் அவன் கற்றுக்கொண்டது பெருந்தன்மையை அல்ல. முறையிட்டுப் பயனில்லை என்பதை.

திருக்குறளில் 'கண்ணோட்டம்' 58ஆம் அதிகாரம். அது பொருட்பாலில், ஆள்பவனுக்குரிய பண்புகளைச் சொல்லும் அரசியல் பகுதியில் இருக்கிறது. தண்டிக்கும் அதிகாரம் உள்ளவனிடம்தான் வள்ளுவர் இரக்கத்தைக் கேட்கிறார்.

2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை நாமும் தருமபுரி மாவட்டத்தார்தாம். தருமபுரி அன்றைய தகடூர். அதியமான் ஆண்ட ஊர். நீண்ட நாள் வாழவைக்கும் நெல்லிக்கனியை, அதன் சிறப்பைக்கூடச் சொல்லாமல் ஔவையாருக்குக் கொடுத்தான் அவன். கொடுத்தவன் அரசன், பெற்றவர் புலவர். புலவரிடமிருந்த கனியை அரசனுக்கென்று கேட்டு வாங்கியிருந்தால் அதற்குப் பெயர் திறை.

வகுப்பறையில் என்ன செய்யலாம்? முதலில் நியாயம். உடைத்தவன் வருத்தம் தெரிவிக்கட்டும். தன் பெட்டியை அவனோடு பகிர்ந்துகொள்ளட்டும். அதன்பிறகு அந்தப் பையன் தானாகவே "பரவாயில்லை" என்றால், அது பெருந்தன்மை. அதை வகுப்பறிய மனம்விட்டுப் பாராட்டுவோம். கேட்டு வாங்க வேண்டாம்.

அடுத்தது, நம் பங்கு. வருகைப்பதிவேடும் மதிப்பெண்ணும் நம் கையில் இருக்கின்றன. வகுப்பின் அரசர் நாம்தான். திக்கித் திக்கித் தமிழில் பதில் சொல்லும் குழந்தையை இடைமறிக்காமல் முழுதும் கேட்பது, அதன் தாய்மொழியில் ஒரு சொல்லைக் கேட்டு வகுப்போடு நாமும் கற்பது: இவை சிறிய செயல்கள்தாம். இவற்றைப் பார்த்துத்தான் பெருந்தன்மை என்றால் என்னவென்று பிள்ளைகள் அறிந்துகொள்வார்கள்.