நிவாரணப் பணத்துக்குக் கணக்கு கேட்போம்

(மும்பையில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை, இடமின்மையால் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)



மழைக்காலத்துக்கு முன் கூரைக்குத் தார்ப்பாய் வாங்குவது எப்படி என்று யோசிக்கிற நேரத்தில், இவர் சர்க்கார் கணக்குவழக்கைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று உங்களில் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. தார்ப்பாய்க்கும் அந்தக் கணக்குக்கும் தொடர்பு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

2005 ஜூலை 26-ஆம் தேதியை இந்த ஊரில் இருந்தவர்கள் எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி நதி கரையை விழுங்கியது. மாடிவீட்டுக்காரனுக்கும் குடிசைக்காரனுக்கும் அன்று வந்தது ஒரே தண்ணீர்தான். ஆனால் எந்த வெள்ளமானாலும் தண்ணீர் வடிந்த பிறகுதான் பேதம் ஆரம்பமாகிறது. பஞ்சநாமா எழுத வருகிறவர் வாசலில் நின்று கேட்கிற முதல் கேள்வி என்ன? “எவ்வளவு நஷ்டம்?” என்றா கேட்கிறார்? இல்லை. “வீடு யார் பேரில் இருக்கிறது?” என்று கேட்கிறார்.

இந்தக் கேள்வியை அவர் தன் இஷ்டத்துக்குக் கேட்கவில்லை, தோழர்களே. அது விதியிலேயே இருக்கிறது. மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்டிருக்கும் நிவாரண உதவி விதிமுறைகளில், இடிந்த வீட்டுக்குப் பணம் தருகிற பகுதியின் அடியில் ஒரு குறிப்பு உண்டு: சேதமடைந்த வீடு, மாநில அரசின் தகுதிவாய்ந்த அதிகாரி சான்றளித்த, அனுமதி பெற்ற கட்டடமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு வரி! அந்த ஒரு வரியில் இந்தியாவின் நகரங்களில் குடிசையிலும் ஒண்டுக்குடித்தனத்திலும் வாழ்கிற எத்தனை லட்சம் பேர் கணக்குக்கு வெளியே தள்ளப்படுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருக்கிறோம் என்று போட்டோ பாஸ் வைத்திருப்பவனாவது கொஞ்சம் வாதாடலாம். மாத வாடகைக்கு இருப்பவன் எந்தக் காகிதத்தைக் காட்டுவான்?

இனி பணத்துக்கு வருவோம். வெள்ளமோ புயலோ வந்தால், முதலமைச்சரோ பிரதமரோ மனமிரங்கி அள்ளிக் கொடுக்கிறார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. உண்மை வேறு. மழை பெய்வதற்கு முன்பே அந்தப் பணம் ஒதுக்கப்பட்டாயிற்று. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு நிவாரண நிதி இருக்க வேண்டும். மத்தியில் ஒன்று இருக்க வேண்டும். (மத்திய நிதிக்கும், படகில் வந்து மீட்கிற படைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சுருக்கப் பெயர். அதனால் படை வந்ததையே பணம் வந்துவிட்டது என்று எண்ணி ஏமாறுகிறவர்களும் உண்டு!) மாநில நிதியில் நான்கில் மூன்று பங்கு மத்திய அரசு போட வேண்டும், ஒரு பங்கு மாநிலம் போட வேண்டும். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மத்தியின் பங்கு 90 சதவிகிதம். 15-ஆவது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு மாநிலங்களுக்கென்று பரிந்துரைத்த தொகை 1,60,153 கோடி ரூபாய். இது யாருடைய பணம்? தீப்பெட்டி வாங்கும்போதும் சோப்பு வாங்கும்போதும் நீங்களும் நானும் கட்டுகிற வரி அதில் இருக்கிறது.

அந்தக் கமிஷன் ஒரு நல்ல காரியம் செய்தது. அதை மறைக்கக் கூடாது. அதற்கு முன்பெல்லாம் நிதி என்பது அரிசி, போர்வை, தற்காலிகக் கொட்டகை இவற்றோடு ஏறக்குறைய முடிந்துவிடும். இடிந்ததை மறுபடி கட்டுவதற்கு என்று தனிப் பங்கு கிடையாது. இந்தக் கமிஷன்தான் மொத்தத்தில் 40 சதவிகிதம் உடனடி நிவாரணத்துக்கு, 30 சதவிகிதம் மீட்டெழுப்பவும் மறுபடி கட்டவும், 10 சதவிகிதம் முன்னேற்பாட்டுக்கு, 20 சதவிகிதம் ஆபத்தைக் குறைக்கும் வேலைகளுக்கு என்று பிரித்துக் கொடுத்தது. சாக்கடையை அகலப்படுத்துவதும் சரிவுக்குத் தடுப்புச்சுவர் எழுப்புவதும் அந்தக் கடைசிப் பங்கில் வரும்.

காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. நடந்தது என்ன? மறுபடி கட்டும் பங்கை எப்படிக் கேட்பது, எப்படிச் செலவிடுவது என்ற வழிகாட்டு விதிகளே 2024 ஆகஸ்டில்தான் வந்தன. ஐந்தாண்டுக் காலத்தில் மூன்றாண்டுக்கு மேல் ஓடிப்போன பிறகு! 2023 மழைக்காலத்தில் இமாச்சலப் பிரதேசம் சரிந்து விழுந்ததே, அதை மறுபடி கட்டுவதற்கான 2,006 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு டெல்லியின் ஒப்புதல் கிடைத்தது 2025 ஜூனில். இரண்டு குளிர்காலம் அந்த மக்கள் எங்கே படுத்திருப்பார்கள் என்று எந்தக் கோப்பிலும் எழுதியிருக்காது. வயநாட்டில் 2024 ஜூலை 30-ஆம் தேதி முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. மறுகட்டுமானத்துக்கு என்று 2025 பிப்ரவரியில் டெல்லி 529.50 கோடி ரூபாய் கொடுத்தது. மானியமாக அல்ல, கடனாக! வட்டியில்லாக் கடன்தான், ஐம்பது வருடத் தவணைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மார்ச் 31-க்குள் செலவழித்துவிடு என்ற நிபந்தனையோடு வந்தது. ஆறே வாரத்தில் பள்ளிக்கூடமும் பாலமும் சாலையும் கட்ட முடியுமா? கொத்தனார் வேலை செய்கிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கள்.

இதைத்தான் நிதி நிர்வாகம் என்கிறார்கள். பணம் இருந்தால் மட்டும் போதாது. எந்த மாதத்தில் வருகிறது, எந்தத் தலைப்பில் வருகிறது, யார் கையெழுத்தில் வெளியே போகிறது என்பதில்தான் ஒரு குடும்பத்தின் கதி இருக்கிறது.

பெட்டிமுடியைச் சொல்லாமல் நான் உட்கார மாட்டேன். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, மூணாறு மலையில், தேயிலைத் தோட்டத்து லயங்களின்மேல் மலை இறங்கியது. 70 பேரைப் பறிகொடுத்தோம். அவர்கள் தமிழர்கள், கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறைக்கு முன்னால் மலையேறிப் போனவர்களின் வழிவந்தவர்கள். மறுநாள் இரவு கரிப்பூரில் விமானம் விழுந்தது. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்குக் கேரள அரசு அறிவித்தது 10 லட்சம். பெட்டிமுடிக் குடும்பத்துக்கு 5 லட்சம். ஏன் இந்த வித்தியாசம் என்று அப்போதே பலர் கேட்டார்கள். விமானத்தில் போனவர்கள்மேல் நமக்கு வருத்தமில்லை. அவர்களிலும் பலர் வளைகுடாவில் பாடுபட்டுத் திரும்பியவர்கள். நான் கேட்பது வேறு. தொகை விதியில் இல்லாமல் அறிவிப்பில் இருந்தால் இப்படித்தான் நடக்கும். இன்னொன்று: லயம் தோட்டக் கம்பெனியின் சொத்து. ஐம்பது வருடம் அதில் அடுப்பு எரித்தவளுக்கு வீட்டு நஷ்டம் என்று எழுத ஒரு கட்டம்கூடப் படிவத்தில் இல்லை. மும்பைக் குடிசைக்கும் மூணாறு லயத்துக்கும் ஒரே விதி!

கணக்கைப் பார்க்கிறவர் யார் என்ற கேள்வியும் இருக்கிறது. சட்டப்படி அமைந்த நிதிகளைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பார்க்கிறார். அறிக்கை சட்டசபைக்கு வருகிறது. பல மாநிலங்கள் நிவாரண நிதியை முறையாக முதலீடு செய்யவில்லை, சேர வேண்டிய வட்டியைச் சேர்க்கவில்லை என்று அந்த அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. யார் படித்தோம்? நம் எம்.எல்.ஏ. படித்தாரா? ஆனால் 2020 மார்ச்சில் தொடங்கிய பி.எம். கேர்ஸ் நிதியைத் தலைமைத் தணிக்கையாளர் பார்ப்பதில்லை. அது அரசுப் பணமல்ல, தகவல் உரிமைச் சட்டத்துக்கும் கட்டுப்படாது என்று அரசே நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. ஊரடங்கில் நாம் சாப்பாட்டுக்கும் ரயிலுக்கும் அலைந்தபோது, அந்த நிதியிலிருந்து வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று 1,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். யார் பெயரைச் சொல்லி அந்தப் பணம் ஒதுக்கப்பட்டதோ, அந்த நாம் போய்க் கணக்கு கேட்க முடியாது!

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். தாமதத்தைத் திட்டுகிற வேகத்தில், விதியெல்லாம் வேண்டாம், உடனே கொடு என்று நாம் கத்திவிடக் கூடாது. ஆபத்துக் காலத்தில் டெண்டர் இல்லாமல் பொருள் வாங்கலாம் என்று அதே 2005 சட்டத்தின் 50-ஆவது பிரிவு ஏற்கெனவே வழிவிட்டிருக்கிறது. அது தேவைதான். படகு வாங்க மூன்று மாதம் விளம்பரம் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் பூட்டைத் திறந்துவிட்டால், பிறகு உள்ளே எண்ணிப் பார்க்க ஆள் வேண்டும். அந்த எண்ணிக்கை வார்டில் நம் கண்முன்னால் நடக்கவேண்டும். இன்னாருக்கு இவ்வளவு என்ற பட்டியல் வார்டு ஆபீஸ் சுவரில் ஒட்டப்படவேண்டும், மராத்தியிலும் இந்தியிலும், நாம் கேட்டால் தமிழிலும்.

நம் சங்கம் அரசுக்கு அனுப்பும் மனுவில் முதல் கோரிக்கை, அந்த “அனுமதி பெற்ற கட்டடம்” என்ற வரியை மாற்றுவது. சொத்துப் பத்திரம் இல்லாவிட்டாலும், மின்சார பில், ரேஷன் கார்டு, பிள்ளையின் பள்ளிச் சான்று இவற்றில் ஏதேனும் ஒன்றைக் குடியிருப்புக்கு ஆதாரமாக ஏற்கவேண்டும். வாடகைக்காரனுக்கும் லயத்துக்காரனுக்கும் பாத்திரம் பண்டம், துணிமணி, வேலைக் கருவி நஷ்டம் தனியாகக் கணக்கிடப்படவேண்டும். தையல் மெஷின் போனால் அந்த வீட்டில் உலை கொதிக்காது. இரண்டாவது, ஆபத்துக் குறைக்கும் அந்த 20 சதவிகிதத்தில் நம் வார்டுக்கு என்ன வந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது. அந்த மனுவை எழுதியாயிற்று. பத்து ரூபாய்க் கட்டணம், சங்கம் கட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் சங்க அலுவலகத்துக்கு வரவேண்டும். இருக்கிற காகிதங்களின் நகலை எடுத்து வாருங்கள். இல்லாதவர்கள் வெறுங்கையோடு வந்தாலும் சரி, பக்கத்து வீட்டார் இருவரைச் சாட்சிக்கு அழைத்து வாருங்கள். குடியிருக்கிற குடும்பங்களின் பட்டியலை நாமே எழுதி, மழை தொடங்குவதற்கு முன் வார்டு ஆபீஸில் கொடுத்து முத்திரை வாங்கிவிடுவோம். பெண்கள் வந்தால் இன்னும் நல்லது. வீட்டில் எத்தனை பாத்திரம் இருக்கிறது என்று ஆண்களுக்குத் தெரியாது.