கஞ்சியில் விட்ட ஒரு துளி அயடீன்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



என் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். "விளங்கக்கூடிய மாதிரிச் சொல்லும்" என்றும் சேர்த்துச் சொன்னார். முயன்று பார்க்கிறேன்.

நான் ஆராய்வது முளையக் குருத்துக் கலங்களை. பனையின் குருத்திலிருந்துதான் ஓலை வருகிறது. அதுபோல, கருக்கட்டி ஒரு சில நாட்களேயான முளையத்தின் உள்ளே இருக்கும் சிறு கலக்கூட்டத்திலிருந்துதான் தோலும் இதயமும் மூளையும் பின்னர் உருவாகின்றன. 1981ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்சும் மத்தியூ காஃப்மனும், அமெரிக்காவில் கெயில் மார்ட்டின் அம்மையாரும் எலியின் முளையத்திலிருந்து இக்கலங்களைப் பிரித்து ஆய்வுகூடத்தில் வளர்த்துக் காட்டினார்கள். மனித முளையத்திலிருந்து 1998இல் ஜேம்ஸ் தொம்சன் குழுவினர் அதைச் செய்தார்கள்.

இக்கலங்களை நரம்புக் கலமாக மாற்றி நோயாளிக்குக் கொடுக்கலாம் என்பது பெரிய நம்பிக்கை. அதற்குள்ளே ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. மாறாமல் எஞ்சிய குருத்துக் கலங்கள் சில உள்ளே போனாலும், அவை பெருகிக் கட்டியாகலாம். ஆகவே கொடுப்பதற்கு முன்னர், மாறாத கலம் எஞ்சியிருக்கிறதா என்று தேடவேண்டும்.

எப்படித் தேடுவது? கலங்களைப் பிரித்து மிதக்கவிட்டால் எல்லாம் ஒரேமாதிரி உருண்டையாகத்தான் தெரியும். ஆனால் அவற்றின் மேற்பரப்பிலுள்ள புரதங்கள் வேறுபடும். எலியின் குருத்துக் கலத்தின் மேற்பரப்பில் 'ஈ-கதெரின்' என்ற புரதம் நிறைய உண்டு. அதே கலம் நரம்புக் கலமாக மாறும்போது ஈ-கதெரின் மறைந்து 'என்-கதெரின்' வருகிறது. ஈ-கதெரினை மட்டும் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியில் ஒளிரும் சாயமொன்றை இணைத்துக் கலங்களுடன் கலந்தால், மாறாத கலங்கள் ஒளிரும். கருவியொன்று அவற்றை ஒவ்வொன்றாக எண்ணும்.

இந்தக் கதெரின் என்ன வேலை செய்கிறது? கலங்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கிறது. எலி முளையம் எட்டுக் கலங்களாக இருக்கும்போது, தனித்தனி உருண்டைகளாக நின்ற கலங்கள் நெருங்கி ஒரே பந்துபோல இறுகும். கரைசலிலிருந்து கல்சியத்தை நீக்கினால் பிடி தளர்ந்து மீண்டும் உருண்டைகளாகிவிடும். கல்சியம் இல்லாமல் கதெரினுக்குப் பிடி இல்லை.

இதைக் கண்டறிந்தவர்களுள் முதன்மையானவர் ஜப்பானியரான மசதோஷி தாக்கெய்ச்சி. 1970களின் நடுப்பகுதியில் கியோட்டோவிலிருந்து அமெரிக்காவின் பால்ரிமோர் நகருக்கு ஆராய்ச்சிக்குப் போனார். கியோட்டோவில் நன்றாக ஒட்டிக்கொண்ட கலங்கள் அங்கே ஒட்ட மறுத்தன. காரணத்தைத் தேடினார். கலங்களைப் பிரிக்கப் பயன்படும் திரிப்சின் என்ற நொதியத்தின் கரைசலில்தான் வேறுபாடு இருந்தது. பால்ரிமோர் கரைசலில் ஈ.டீ.ரீ.ஏ. என்ற பொருள் சேர்க்கப்பட்டிருந்தது. அது கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கல்சியம் இருந்தால் கதெரின் விறைப்பாக நிற்கும். திரிப்சினால் அதை வெட்டமுடியாது. கல்சியம் போனதும் அது தளர்ந்துவிடும். திரிப்சின் அதை வெட்டித் தள்ளிவிடும். இன்னொருவராக இருந்தால் "தண்ணீர் சரியில்லை" என்று விட்டிருப்பார். அவர் விடவில்லை. 1984இல் அந்தப் புரதத்துக்குக் கதெரின் என்று பெயரிட்டார்.

இதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். தெரிந்தும் பிழைவிட்டேன். அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வின்போது, எலியின் குருத்துக் கலங்களிலிருந்து நரம்புக் கலங்களை வளர்த்தேன். மாறாத கலம் இருக்கிறதா என்று சோதித்தேன். ஒன்றும் ஒளிரவில்லை. மறுபடி சோதித்தேன். அப்போதும் இல்லை. எனக்கோ பெரிய சந்தோசம். அடுத்த வாரம் அக்கலங்களை எலிகளுக்குள் செலுத்துவதாக ஏற்பாடு.

அன்றிரவு நித்திரை வரவில்லை. நினைவுக்கு வந்தது இந்தப் பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடம்.

1990களின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. எங்கள் ஆய்வுகூடத்தில் அயடீன் ஒரு சின்னப் போத்தலின் அடியில்தான் கிடந்தது. இலையில் மாப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. எங்கள் ரீச்சர் இலையைத் தொடுவதற்கு முன்னர், ஒரு துளி அயடீனைச் சோற்றுக் கஞ்சியில் விட்டார். அது கருநீலமாகியது. "ஏன் ரீச்சர் வீணாக்கிறீங்கள்? கஞ்சியிலை மாப்பொருள் இருக்கெண்டு எங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டவள் நான்தான்.

ரீச்சர் சொன்னார்: "கஞ்சியிலை நீலம் வருதெண்டு பாக்காட்டி, இலையிலை வராததை நீங்கள் என்னெண்டு நம்புறது பிள்ளையள்?"

நான் கஞ்சியில் துளி விடவில்லை. மாறாத குருத்துக் கலங்களை மட்டும் எடுத்து, அதே முறையில் பிரித்து, அவை ஒளிர்கின்றனவா என்று நான் பார்க்கவே இல்லை. பிறபொருளெதிரி விலை கூடியது, நேரமும் இல்லை என்று விட்டிருந்தேன்.

விடிந்ததும் போய் அதைச் செய்தேன். முழுவதும் குருத்துக் கலங்களேயான அந்த மாதிரியிலும் ஒன்றும் ஒளிரவில்லை. நான் பயன்படுத்தியது ஈ.டீ.ரீ.ஏ. கலந்த திரிப்சின். தேடிய புரதத்தை நானே வெட்டிக் கழுவி ஊற்றிவிட்டு, "இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறேன். பிறகு திரிப்சின் சேர்க்காமல், ஈ.டீ.ரீ.ஏ. மட்டும் கொண்டு மெதுவாகப் பிரித்துப் பார்த்தேன். குருத்துக் கலங்கள் ஒளிர்ந்தன. நான் சுத்தம் என்று சொன்ன நரம்புக் கலங்களுக்கு நடுவிலும் சில ஒளிர்ந்தன.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். எலிகளுக்குச் செலுத்துவது நிறுத்தப்பட்டது. பல மாத வேலையைத் திரும்பவும் செய்தேன். அன்று அது எலிதான். ஆனால் இந்த வேலையின் முடிவில் ஒரு மனிதர் படுத்திருக்கிறார். அவருடைய தலைக்குள் போவதைச் சுத்தம் என்று கையெழுத்து வைப்பவர், "இல்லை" என்ற சொல்லை எப்படி நம்பினார் என்று சொல்லக்கூடியவராக இருக்கவேண்டும்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் கட்டுப்பாட்டுப் பரிசோதனையை விட்டுவிடச் சொல்ல எல்லாரிடமும் நியாயம் இருந்தது. ரீச்சர் விடவில்லை. இன்று அவர் எம்மிடையே இல்லை. அவருக்கு நான் நன்றி சொல்லாமலே விட்டுவிட்டேன். இந்த மேடையில் சொல்கிறேன்.

நூற்றாண்டு நினைவாக விஞ்ஞான ஆய்வுகூடத்தைப் புதுப்பிக்கப் பழைய மாணவிகள் நிதி சேர்க்கிறார்கள் என்று அறிந்தேன். கட்டடத்துக்கும் கதிரைக்கும் கொடுங்கள். அதோடு, ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் கஞ்சியிலும் ஒரு துளி விட்டுப் பார்க்கும் அளவுக்கு அயடீனும் வாங்கிக் கொடுங்கள்.