தங்கவயல் சாலையோரம்



கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் சாலை வழியே செல்வோரின் கண்ணில் முதலில் படுபவை வெண்சாம்பல் நிறக் குன்றுகள். இவை இயற்கை அமைத்தவை அல்ல. பாறையை அரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவுத் தூள். பிரிப்பதற்குச் சயனைடு பயன்பட்டதால் மக்கள் இவற்றைச் 'சயனைடு மலை' என்பர். கோடைக் காற்றில் இத்தூள் வீடுகளுக்குள்ளும் புகுகிறது.

அப்பால் நிற்பவை துருப்பிடித்த இரும்புக் கோபுரங்கள். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சுரங்கங்களின் தலைவாயில்கள் அவை. 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் இவ்வயலுக்கு வந்தது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் இங்கிருந்து எடுக்கப்பட்டது.

சாலையின் மறுபுறம் தொழிலாளர் 'லைன்' வீடுகள். வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்தோரின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஓசை அடங்கிய ஊரில் வேலை இல்லை. எனவே விடியுமுன் மாரிக்குப்பம் நிலையத்தில் இரயிலேறிப் பெங்களூர் சென்று, இரவில் திரும்புவோர் பலர்.

இக்காட்சிகள் உணர்த்துவது ஒன்றே. கனிவளம் ஒருநாள் தீரும். அதை எடுத்தவர்களின் வாழ்வு அன்றோடு தீர்வதில்லை. சுரங்கம் திறக்கும் நாளிலேயே, அது மூடும் நாளுக்கும் திட்டம் வகுக்கப்பட வேண்டும். கழிவுக் குன்றுகளை மண்ணிட்டு மூடி மரம் வளர்த்தல், மாற்றுத் தொழிற்பயிற்சி, குடியிருப்பு உரிமை ஆகிய மூன்றுக்கும் வருவாயிலிருந்தே நிதி ஒதுக்குதல் நலம். தங்கம் தந்த மண்ணுக்கும் மக்களுக்கும் நாடு செலுத்தவேண்டிய கடன் அது.