இரகசிய வாடிக்கையாளர் பணி: ஹலாலான சிறு வருமானமும் பேராசையின் வலையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற வேலைவாய்ப்பு வழிகாட்டி அமர்வில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வல்ல இறைவனைப் புகழ்ந்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் கூறித் தொடங்குகிறேன்.

அண்மைக் காலமாக நம் மஹல்லா இளைஞர்கள் சிலரும், இல்லத்திலிருந்தபடியே குடும்பச் செலவுக்குக் கைகொடுக்க விரும்பும் சகோதரிகள் சிலரும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். "ஹழ்ரத், ஒரு கடைக்கு வாடிக்கையாளர் போலச் சென்று, அங்கு கண்டதை எழுதிக் கொடுத்தால் பணம் தருகிறார்களாம். இது கூடுமா?" என்பதே அக்கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. இது கூடுமா என்பது ஒன்று. இதில் என்ன கிடைக்கும் என்பது மற்றொன்று. முதலாவதை மட்டும் ஆலிமிடம் கேட்டுவிட்டு, இரண்டாவதை முகம் தெரியாத ஒருவன் கைப்பேசிக்கு அனுப்பும் செய்தியிடம் விட்டுவிடுகிறோம். இழப்பு அங்கேதான் நேர்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே பேச விரும்புகிறேன்.

இப்பணி யாது?

ஆங்கிலத்தில் இதனை 'மிஸ்டரி ஷாப்பிங்' என்பர். நாம் இரகசிய வாடிக்கையாளர் பணி என்று கூறலாம். பல ஊர்களில் கிளைகள் வைத்திருக்கும் நிறுவனம் ஒன்று, தன் கிளைகளில் மக்கள் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்பதை அறிய விரும்புகிறது. முதலாளி நேரில் சென்றால் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். எனவே ஆய்வு நிறுவனம் ஒன்றிடம் பொறுப்பை ஒப்படைக்கிறார். அந்நிறுவனம் சாதாரண மனிதர் ஒருவரை அனுப்புகிறது. அவர் பொருள் வாங்குகிறார், உணவு உண்கிறார், எரிபொருள் நிரப்புகிறார். பின்னர் கேள்வித்தாளை நிரப்பி அனுப்புகிறார்.

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலேயே இரயில் நிறுவனங்கள், நடத்துநர்கள் பயணக் கட்டணத்தை ஒழுங்காகச் செலுத்துகின்றனரா என்று தனியார் துப்பறிவோரைக் கொண்டு சோதித்தன. 'மிஸ்டரி ஷாப்பிங்' என்ற பெயர் 1940களில் வழக்கிற்கு வந்தது. இத்துறையின் நிறுவனங்கள் 1998இல் எம்.எஸ்.பி.ஏ. என்ற சங்கத்தை ஏற்படுத்திக்கொண்டன. 1987இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பேர் இன்டர்நேஷனல் போன்ற நிறுவனங்கள் இந்தியாவிலும் இப்பணியைச் செய்து வருகின்றன. ஆகவே இது கற்பனையான தொழிலன்று. ஆனால் உண்மையான தொழிலின் பெயரால்தான் பொய்யான வலையும் விரிக்கப்படுகிறது.

நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு வழியாகச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் பெட்ரோல் நிலையங்களும், வாகன விற்பனையகங்களும், பெயர்பெற்ற உணவகங்களின் கிளைகளும் நிறைந்துள்ளன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் முதல் மாமல்லபுரம் வரை உல்லாச விடுதிகள் உள்ளன. இத்தகைய இடங்களே இப்பணிக்குரிய களம்.

பெட்ரோல் நிலையத்தில் ஊழியர் மீட்டரில் பூச்சியத்தைக் காட்டினாரா, ரசீது கொடுத்தாரா, இலவசக் காற்றும் குடிநீரும் கழிப்பறையும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். உணவகமாயின், உட்கார்ந்து எத்தனை நிமிடத்தில் ஊழியர் வந்தார், உணவு எப்போது வந்தது, சூடாக இருந்ததா, ரசீதில் கேட்காத கட்டணம் சேர்க்கப்பட்டுள்ளதா என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

சந்தையைக் கண்காணிப்பது நமக்குப் புதிதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கண்டு, அதற்குள் கையை நுழைத்துப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்ததையும், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கண்டித்ததையும் நாம் அறிவோம். இதில் இரு பாடங்கள் உள்ளன. மேலே தெரிவதை மட்டும் நம்பாமல் சோதித்தார்கள். குறையைக் கண்டதும் திருத்தும் வழியையும் கூறினார்கள். நல்ல ஆய்வறிக்கைக்கு இவ்விரண்டுமே இலக்கணம்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் வலம் வருகையில், பாலில் நீர் கலக்கச் சொன்ன தாயையும், கலீஃபா காணாவிட்டாலும் இறைவன் காண்கிறானே என்று மறுத்த மகளையும் செவியுற்ற நிகழ்ச்சி புகழ்பெற்றது. ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணியிடம் மதீனாச் சந்தை தொடர்பான பொறுப்பை அவர்கள் ஒப்படைத்ததாகவும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பிற்காலத்தில் 'ஹிஸ்பா' என்ற தனித்துறையே இயங்கியது. அதன் அதிகாரியான முஹ்தஸிப் எடைக்கற்களையும் அளவைகளையும் சோதித்தார். ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் இத்துறையை விரிவாக எழுதுகையில், வெளிப்படையான தவறுகளே முஹ்தஸிபின் எல்லை. மறைந்திருப்பதைத் துருவித் தேடுதல் அவர் வேலையன்று என்று வரம்பு கட்டுகிறார்கள்.

அந்த வரம்பே நமக்கும் அளவுகோல். பிறர் குறைகளைத் துருவுவது தடுக்கப்பட்டது. ஆனால் கடையின் உரிமையாளரே தம் கடையைப் பார்த்துச் சொல்லுமாறு கேட்கிறார். ஊழியர் பொதுமக்களுக்கு முன் செய்யும் பணியே பார்க்கப்படுகிறது. இது அமானத்தாக ஒப்படைக்கப்பட்ட சாட்சியம். எனினும் நான்கு நிபந்தனைகளைப் பேணுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, நாம் யாரென்று சொல்லாதிருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. உண்மையிலேயே எரிபொருள் நிரப்புகிறோம், உண்மையிலேயே உணவு உண்கிறோம். இதில் பொய் இல்லை. 'அடுத்த வாரம் கார் வாங்கப் போகிறேன், கடன் வேண்டும்' என்று கதை சொல்ல வைக்கும் பணிகளும் உள்ளன. அவற்றை விட்டுவிடுவதே பேணுதல்.

இரண்டாவது, மது பரிமாறும் இடம், வட்டிக் கடன் விசாரணை போன்றவற்றை ஏற்க வேண்டாம். பணியை மறுக்கும் உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு.

மூன்றாவது, கண்டதை மட்டும் எழுதுங்கள். நீங்கள் எழுதும் ஒரு வரியால் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் ஓர் ஏழை ஊழியரின் ஊக்கத்தொகை பறிபோகலாம், வேலையே போகலாம். 'அவர் திமிராக நடந்தார்' என்பது உங்கள் கருத்து. 'நான் இருமுறை அழைத்தேன், ஏழு நிமிடம் கழித்து வந்தார், அப்போது அவர் ஒருவரே ஆறு மேசைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார்' என்பது சாட்சியம். அவருக்குச் சாதகமானதையும் எழுதுவதே நீதி.

நான்காவது, செல்லாத கடைக்குச் சென்றதாக எழுதுவது பொய்ச் சாட்சியமாகும். தங்காத விடுதிக்கு இணையத்தில் ஐந்து நட்சத்திரம் வழங்குவதும் அவ்வாறே. அதற்குக் கூலி ஒழுங்காகவே வந்து சேர்ந்தாலும் அது தூய்மையான வருமானமாகாது. இணையவழி மதிப்புரைகள் நேர்மையாக அமைய வேண்டும் என்பதற்காகவே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

எவ்வாறு தொடங்குவது?

உண்மையான ஆய்வு நிறுவனத்தில் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. எம்.எஸ்.பி.ஏ. சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்து, நிறுவனத்தின் சொந்த இணையதளத்திற்கு நாமே சென்று பதிய வேண்டும். நமக்கு வந்த இணைப்பைத் தொட்டு உள்ளே நுழையலாகாது. பெயர், வயது, ஊர், தெரிந்த மொழிகள், வாகனம் உண்டா என்பன கேட்கப்படும். கட்டணம் செலுத்துவதற்காக வங்கிக் கணக்கு எண்ணும் பான் எண்ணும் தேவைப்படும். பான் எண் தராவிடில் வருமான வரி கூடுதல் விகிதத்தில் பிடிக்கப்படும். ஒருமுறைக் கடவுச்சொல்லையோ, ஏ.டி.எம். இரகசிய எண்ணையோ எந்த நிறுவனமும் கேட்காது.

பணி வந்தால் முதலில் வழிகாட்டுக் குறிப்பை முழுமையாகப் படியுங்கள். எந்த நாள், எந்த நேரம், எவ்வளவுக்கு வாங்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று அதில் இருக்கும். நேரம் தவறினாலோ, ரசீதைத் தொலைத்தாலோ அறிக்கை தள்ளுபடியாகும். கட்டணமும் வராது, கைக்காசும் திரும்பாது. பெரும்பாலும் அன்றோ மறுநாளோ அறிக்கையை அனுப்பிவிட வேண்டும். அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கேட்கப்படுகிறது. எளிய, பிழையற்ற ஆங்கிலத்தில் பத்து வரிகள் எழுதப் பழகிக்கொண்டால் பிற வேலைகளுக்கும் அது பயன்படும்.

உண்மையில் எவ்வளவு கிடைக்கும்?

இப்போது கணக்கிற்கு வருவோம். நம் நாட்டில் ஒரு சாதாரணப் பணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். உணவுக்கோ பொருளுக்கோ செலவிட்டதைக் குறிப்பிட்ட வரம்பு வரை தனியே திருப்பித் தருவர். விடுதியில் தங்கும் பணி கிடைத்தால், தங்கியதும் உண்டதுமே கூலியின் பெரும்பகுதியாக இருக்கும். அதைக் கொண்டு மளிகைக் கடன் அடைக்க இயலாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இத்தொகைகள் விளக்கத்திற்காக நான் வைத்துக்கொண்டவை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்று ஓர் உணவகத்தைப் பார்க்க ரூ.500 கட்டணம் என்று கொள்வோம். போகவர, தேநீர் உட்பட ரூ.150 செலவு. மிச்சம் ரூ.350. பயணத்திற்கு மூன்று மணி, உணவகத்தில் ஒன்றரை மணி, அறிக்கைக்கு இரண்டு மணி, ஆக ஆறரை மணி நேரம். மணிக்கு ஏறத்தாழ 54 ரூபாய். மற்றொரு பணி செங்கல்பட்டு நகருக்குள்ளேயே, கட்டணம் ரூ.300 மட்டும். பேருந்துக்கு ரூ.20 போக மிச்சம் ரூ.280. மொத்தம் இரண்டரை மணி நேரத்தில் முடிகிறது. மணிக்கு 112 ரூபாய். பெரிய தொகையைவிட அருகிலுள்ள சிறு தொகையே மேலானது என்பதைக் கணக்கே காட்டுகிறது.

மாதம் ஆறு பணி கிடைத்து, ஒவ்வொன்றிலும் ரூ.300 மிஞ்சினால் ரூ.1,800 ஆகும். அடுத்த மாதம் ஒரு பணியும் வராமலும் போகலாம். ஒரே கடைக்குச் சில மாதங்கள் கழித்தே மீண்டும் அனுப்புவர். பணி முடித்த அன்றே பணமும் வராது; ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகலாம். அதுவரை நம் கைக்காசு முடங்கியிருக்கும். வருங்கால வைப்பு நிதியோ, ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதியோ இல்லை. ஏனெனில் நாம் அந்நிறுவனத்தின் ஊழியர் அல்லர்.

எனவே, படிக்கும் மாணவரின் புத்தகச் செலவுக்கோ, பணி ஓய்வு பெற்றவரின் கைச்செலவுக்கோ, ஏற்கெனவே கடைத்தெருவுக்குச் சென்றுவரும் சகோதரியின் சிறு சேமிப்புக்கோ இது பொருந்தும். குடும்பத்தைச் சுமக்கும் ஒருவர் இருக்கும் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாகாது. இதற்காகக் கடன் வாங்கவே கூடாது.

வலை எங்கே உள்ளது?

இனி நான் சொல்வதைப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். "வீட்டிலிருந்தே நாள்தோறும் ரூ.3,000" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். பிறகு டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். ஏதோ ஒரு விடுதிக்கு நட்சத்திர மதிப்பீடு அளிக்கச் சொல்வார்கள். உடனே ரூ.150 கணக்கில் வந்துவிடும். மீண்டும் ஒருமுறை வரும். நம்பிக்கை வேரூன்றியதும், முன்பணம் கட்டினால் கூடுதல் இலாபம் என்பார்கள். ரூ.1,000 கட்டினால் ரூ.1,300 திரும்பும். பத்தாயிரம் கட்டினால் திரையில் பதினைந்தாயிரம் தெரியும். ஆனால் எடுக்க முடியாது. எடுப்பதற்கு வரி கட்டு, அபராதம் கட்டு என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். குழுவில் 'எனக்குப் பணம் வந்துவிட்டது' என்று எழுதுவோரும் அவர்களுடைய ஆட்களே. இந்த வகை மோசடிக்குத் துணைபோன நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை 2023 டிசம்பரில் மத்திய அரசு முடக்கியது.

முதலில் வந்த ரூ.150 யாருடைய பணம் என்று எண்ணிப் பார்த்தீர்களா? வேறோர் ஏமாளியிடம் பறித்த பணமாக அது இருக்கலாம். அவர் புகார் செய்தால், அப்பணம் சென்ற வழியிலுள்ள கணக்குகள் முடக்கப்படுகின்றன. உங்கள் கணக்கும் அதில் அடங்கும். சிறு தரகுக்கு ஆசைப்பட்டு வங்கிக் கணக்கையோ சிம் அட்டையையோ பிறருக்குக் கொடுத்தால், இழப்பாளியாக அன்றிக் குற்றவாளியாகவே காவல் நிலையத்தில் நிற்க நேரும்.

உண்மையையும் பொய்யையும் பிரிக்க ஒரே அளவுகோலை நினைவில் வையுங்கள். உண்மையான பணியில் நீங்கள் கடைக்காரரிடம் பொருள் வாங்கிப் பணம் கொடுப்பீர்கள். வேலை கொடுப்பவரிடம் ஒருபோதும் பணம் கொடுக்க மாட்டீர்கள். வேலை கொடுப்பவர் ஒரு ரூபாய் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஏற்கெனவே யாரேனும் பணத்தை இழந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். விரைந்து தெரிவித்தால் பணம் கைமாறும் முன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. இழந்ததை மீட்பதற்காக மேலும் பணம் கட்டுவது, கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்க வீட்டிலுள்ள குடங்களையெல்லாம் எறிவதற்கு ஒப்பாகும். ஏமாந்து வரும் பிள்ளையைப் பெற்றோர் ஏசித் துரத்தினால், அவன் அடுத்து நாடிச் செல்வது கந்துவட்டிக்காரனையே. ஆதலால் முதலில் அவன் சொல்வதைக் கேளுங்கள்.

அன்பர்களே! ரிஸ்க் என்பது இறைவன் வகுத்தது. முயற்சி நம்மீது கடமை. ரூ.300 சம்பாதித்தாலும் அதில் பொய் கலவாதிருந்தால் பரக்கத் உண்டு. சிறிய வேலையைச் சிறியது என்று அறிந்தே செய்பவர் ஏமாறுவதில்லை. நம் இளைஞர்கள் கண்டதைக் கண்டவாறு சொல்லும் சாட்சிகளாகவும், உழைத்துப் பெற்றதை நிறைவோடு உண்பவர்களாகவும் விளங்க வல்ல அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.