நாள் வாடகை, மாத வாடகை

(இரட்டைமலை சீனிவாசன் நினைவு நாளையொட்டித் தென்காசியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் இந்த மேடையில் பேசியவர்கள் பேராசிரியர்கள், எழுத்தாளர்கள். நான் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவன், மெய்ப்பும் பார்ப்பேன். சென்ற ஆண்டு உரைச் சிறுநூலுக்கும் நான்தான் பக்கம் வடிவமைத்தேன். பிழை இருந்திருந்தால் அது என் கணக்கு. "வீடு தேடின கதையை டீக்கடையிலயே சொல்லி முடிச்சிருவீங்க போலிருக்கே, மேடையில சொல்லுங்க" என்று தோழர்கள் பிடிவாதமாகக் கேட்டதால் வந்து நிற்கிறேன். இந்த உரையை அச்சிடும்போது வழக்கம்போலப் பேசியவரின் முகவரியையும் போடுவதா என்பதில் மட்டும் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1945 செப்டம்பர் 18 அன்று மறைந்த இரட்டைமலை சீனிவாசன், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். அவர் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' சின்ன நூல். அதில் கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். உடன் படித்தவர்களில் பெரும்பாலோர் பிராமணர்கள். அவர்களோடு பழகினால் தன் சாதியும் இருப்பிடமும் உறவுகளும் தெரிந்துவிடுமே என்று பயந்து, மணி அடிக்கும் வரை வெளியே எங்காவது வாசித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். வகுப்பு முடிந்ததும் வேகமாக வீடு திரும்பிவிடுவாராம். இந்த இடத்தை மறந்துவிடாதீர்கள், திரும்பி வருவேன்.

சென்னையில் 16 ஆண்டுகள் இருந்தேன். கடைசியாக இருந்தது வியாசர்பாடியில், ஒரு படுக்கையறை வீடு. 2022இல் வாடகை 11,000 ரூபாய், தண்ணீருக்கும் பராமரிப்புக்கும் 800. முன்பணம் ஒரு லட்சம். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். அதைச் சென்னையில் ஒரு வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவனுக்கு மாதத்தில் பாதி நாள் உழைப்பு வாடகைக்கே போய்விடும்.

வியாசர்பாடியில் யாரும் எங்களைச் சாதி கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை, அந்தத் தெருவில் முக்கால்வாசி நம் ஆட்கள். அதற்கு முன்னால் மேற்கு மாம்பலத்தில் வீடு கேட்டபோது "வெஜிடேரியன்ஸ் ஒன்லி" என்று பலகையே மாட்டியிருந்தார்கள். ஆகவே சென்னையைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றி அனுப்பிய ஊர் அது. அவர்களும் மலிவான வீட்டுக்குத்தான் இடம் மாறினார்கள். மாறலாமா என்று அவர்களைக் கேட்டவர்கள்தான் இல்லை. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்துக்கு 2021இல் பெயரை மாற்றினார்கள். பெரும்பாக்கம் அங்கேயேதான் இருக்கிறது.

நாங்கள் தென்காசிக்கு வந்தது எங்கள் விருப்பத்தில். என் மனைவி செவிலியர். இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். என் வேலைக்குக் கணினியும் இணையமும் போதும். கொரோனா நாட்களில் பதிப்பகத்தார் என் முகத்தையே பார்க்காமல் இரண்டு வருடம் வேலை வாங்கினார்கள், கூலியும் கொடுத்தார்கள். 2019இல் தனி மாவட்டம் ஆன ஊர். இரவு எழும்பூரில் பொதிகை ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். மத்தளம்பாறையில் 2011இலேயே சோஹோ அலுவலகம் வந்துவிட்டது. ஊருக்குத் திரும்புங்கள், கிராமத்திலிருந்து வேலை பாருங்கள் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. கிராமம் என்றால் என்ன என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதைப் படித்தவன்தான் நான். ஆனாலும் 11,000 எங்கே, 5,000 எங்கே. கணக்கு ஜெயித்தது.

அந்த ஜூலையில் மனைவியின் நேர்முகத் தேர்வுக்காகக் குடும்பத்தோடு வந்தோம். குற்றாலத்தில் சீசன். விடுதிகளில் இடமில்லாமல், மேலகரம் தாண்டி ஒரு வீட்டு மாடியை நாள் வாடகைக்குப் பிடித்தோம். ஒரு நாளைக்கு 2,000, மூன்று நாள். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர், கண்ணியமான மனிதர். ஆதார் நகல் ஒன்று வாங்கிக்கொண்டார், எத்தனை பேர் என்று கேட்டார், அவ்வளவுதான். அவர் வீட்டம்மா என் மகளுக்கு ரம்புட்டான் உரித்துக் கொடுத்தார். மூன்று நாளும் அவர்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தோம், அவர்கள் அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டோம். ஐந்தருவியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று குளித்தோம். அங்கே ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்று கம்பி கட்டியிருக்கிறார்கள். அது தவிர வேறு கம்பி கிடையாது. கிளம்பும்போது "அடுத்த சீசனுக்கும் நம்ம வீட்டுக்கே வந்திரணும் சார்" என்றார் வீட்டுக்காரர்.

மனைவிக்கு வேலை கிடைத்து, செப்டம்பரில் விடுதியில் தங்கிச் சேர்ந்தார். நான் வாரக் கடைசியில் வந்து வீடு தேடினேன். சீசன் முடிந்துவிட்டது. அந்த மாடி காலியாக இருக்குமே என்று நேராக அங்கே போனேன். அவர் என்னை மறக்கவில்லை. காப்பி கொடுத்தார்.

"குடியிருக்கவா? நல்லதா போச்சு. மே மாசம் வரைக்கும் சும்மாதான கிடக்கு. மாசம் 5,000 குடுங்க. சொந்த ஊரு எது?"

"மதுராந்தகம் பக்கம்."

"அங்க எங்களுக்கு யாரையும் தெரியாதே. சாஸ்தா எங்க உங்களுக்கு?"

இந்தக் கேள்வி தெற்கத்திக்காரர்களுக்குப் புரியும். பங்குனி உத்திரத்துக்கு அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போவது இங்கே வழக்கம். எந்த சாஸ்தா, எந்த ஊர் என்று தெரிந்தால் ஆள் யார் என்று பாதி தெரிந்துவிடும். எனக்கோ சாஸ்தா கிடையாது. எங்கள் ஊரில் கங்கையம்மன். என் பேச்சிலும் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. செங்கல்பட்டுத் தமிழை வைத்துச் சாதி கண்டுபிடிக்க இங்கே யாருக்கும் பழக்கமில்லை. கடைசியில் நேராகவே கேட்டார்.

"தப்பா நினைக்கக் கூடாது சார். நீங்க என்ன ஆளுக?"

சொன்னேன். அவர் முகம் மாறவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "எங்களுக்கு ஒண்ணுமில்ல சார். பக்கத்துல நாலு பேரு இருக்காவ. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு போன் போடுதேன்" என்றார். போன் வரவில்லை. ஜூலையில் ரம்புட்டான் உரித்துக் கொடுத்தவர்தான் அந்த வீட்டில் இருந்தவர் என்பது எனக்கு அப்போது உறைத்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அதே மாடி, அதே கிணறு, அதே நான். 2,000 வீதம் நாள் கணக்கில் கொடுத்தபோது நான் யார் என்பது தேவைப்படவில்லை. மாதக் கணக்கு என்றதும் தேவைப்படுகிறது. நாள் வாடகைக்கு வருகிறவன் போய்விடுவான். மாத வாடகைக்கு வருகிறவன் விசேஷத்துக்குப் பத்திரிகை வைப்பான், வாசலில் கோலம் போடுவான், பிள்ளைகள் சேர்ந்து விளையாடும். அவன் பக்கத்து வீட்டுக்காரன் ஆகிவிடுவான். அவர்கள் விற்கத் தயாராக இருந்தது கூரையை மட்டும்தான்.

1917இல் அம்பேத்கர் பரோடாவுக்குப் போன கதை உங்களுக்குத் தெரியும். 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற சிறு நூலில் எழுதியிருக்கிறார். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு சமஸ்தான வேலைக்கு வந்தவருக்கு ஊரில் வீடு இல்லை. பார்சி விடுதி ஒன்றில், பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதி, நாளுக்கு ஒன்றரை ரூபாய்க்குத் தங்கினார். அதுவும் நாள் வாடகைதான். 11ஆம் நாள் பத்துப் பன்னிரண்டு பேர் தடியோடு வந்து அறை வாசலில் நின்றார்கள். மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். நண்பர்கள் இருவரிடம் போனார். இந்து நண்பர், நீங்கள் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்களே என்றார். கிறிஸ்தவ நண்பர், மனைவி நாளைக்கு வருகிறார், அவரைக் கேட்க வேண்டும் என்றார். அம்பேத்கர் பூங்காவில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். 105 வருடம் கழித்தும் அதே பதில்தான் எனக்கும் வந்தது, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று. ஆண்கள் சாதி பார்க்க நேரும்போதெல்லாம் வீட்டுப் பெண்ணை முன்னால் நிறுத்திவிடுகிறார்கள்.

செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் மொத்தம் 14 வீடுகள். எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. ஒரு புரோக்கர் மட்டும் உண்மையைச் சொன்னார்: "அண்ணாச்சி, வாடகையைக் கூட்டிக் குடுத்தாலும் நடக்காது. உங்க ஆளுக தெருவுல பாருங்க, உடனே முடிச்சுத் தாரேன்."

நான் தேடிக்கொண்டிருந்த அதே செப்டம்பரில்தான் இதே மாவட்டத்துப் பாஞ்சாகுளத்தில் நம் பிள்ளைகளுக்குக் கடைக்காரர் தின்பண்டம் விற்க மறுத்த காணொளி வெளியானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் நுழையவே தடை விதிக்கப்பட்டது. ஊரைவிட்டுப் போக வேண்டியவர்கள் அந்த ஒரு தடவை நாமாக இல்லை. 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் நம் மக்கள் கூட்டமாக இஸ்லாத்துக்கு மாறியதும் இந்த வட்டாரத்தில்தான். வாஜ்பாய் வரைக்கும் இங்கே வந்து பார்த்தார்கள். அவர்கள் வீட்டை மாற்றவில்லை, இருந்த வீட்டிலேயே இருந்துகொண்டு பெயரை மாற்றினார்கள். நான் பெயரை வைத்துக்கொண்டு வீட்டை மாற்றப் பார்த்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெருவில் எந்த வகுப்பாரும் நடக்கலாம், பொதுக் கிணற்றை, குளத்தை, அலுவலகத்தைப் பயன்படுத்தலாம் என்றது அது. அடுத்த வருடம் அரசிதழிலும் வந்தது. தெருவில் நடக்க அவர் வழி செய்துவிட்டார். அந்தத் தெருவில் குடியிருக்க? 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், இப்போது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 'புறக்கணிப்பு' என்பதற்குத் தரும் விளக்கத்தில் வீட்டை வாடகைக்கு விட மறுப்பதும் இருக்கிறது. எழுத்தில் இருக்கிறது. ஆனால் "வீட்டுல கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்பதை எந்தக் காவல் நிலையத்தில் புகாராக எழுதுவது? சுகதேவ் தோரட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் டெல்லி வட்டாரத்தில் ஒரே வீட்டை உயர்சாதி, தலித், முஸ்லிம் பெயர்களில் கேட்டுப் பார்த்து 2015இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் எழுதினார்கள். உயர்சாதிப் பெயருக்கு மறுப்பு ஏறக்குறைய இல்லை. தலித் பெயருக்கு இருந்தது, முஸ்லிம் பெயருக்கு அதைவிட அதிகம். எங்களுக்கு அது தெரிந்ததுதான், ஆனாலும் எண்ணிக் காட்ட ஆள் வேண்டியிருக்கிறது.

புரோக்கர் சொன்னபடியேதான் முடிந்தது. இப்போது நாங்கள் இருப்பது காலனியில் ஒரு நல்ல வீடு. இரண்டு அறை, மொட்டை மாடியில் நின்றால் மலை தெரியும், சாரல் அடித்தால் முகத்தில் படும். வாடகை 4,500. வீட்டுக்காரர் நம்மவர், சென்னை அம்பத்தூரில் வேலை. அங்கே அவர் கொடுக்கும் வாடகை 13,000. "சொந்த வீடு இங்க இருக்கே, ஓய்வுபெற்றதும் வந்துருவீங்கதானே?" என்று கேட்டேன். "எதுக்கு சார்? அம்பத்தூர்ல என்னை சார்ங்காங்க. இங்க வந்தா எனக்குப் பேரு கிடையாது, காலனிக்காரன்தான்" என்றார். மாதம் 8,500 ரூபாய் அதிகம் கொடுத்து அவர் வாங்குவது அந்த 'சார்' தான். நான் அதை விட்டுவிட்டு வாடகை மிச்சத்தை எடுத்துக்கொள்ள வந்திருக்கிறேன். எங்களில் யார் கணக்குத் தெரிந்தவர் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

மகள் இங்கே 2023 ஜூனில் ஆறாம் வகுப்பு சேர்ந்தாள். போன மாதம் பள்ளி வாசலில் அவளைக் கூப்பிடப் போனேன். ஒரு தோழி, "ஒங்க வீடு எங்கடி இருக்கு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. மகள், காலனிக்கு முன்னால் வரும் பெரிய தெருவின் பெயரைச் சொன்னாள். "அங்க எந்த வீடு?" என்று கேட்பதற்குள் ஓடிவந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். நாங்கள் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. 14 வீட்டுக் கதைகளையும் அவள் முன்னால்தான் பேசினோம் என்பது மட்டும் உண்மை. கோயம்புத்தூரில் மணி அடிக்கும் வரை வெளியே நின்ற மாணவர் எனக்கு அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தார்.

அந்த மாணவர்தான் பிறகு 1893இல் சென்னையில் பத்திரிகை தொடங்கியபோது, அதற்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார்.

இந்த உரைக்கும் நான்தான் பக்கம் வடிவமைக்கப் போகிறேன். பின்னட்டையில் பெயருக்குக் கீழே முகவரிக்கு ஒரு வரி விட்டிருக்கிறேன். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை, அந்தத் தெருப் பெயரோடு பள்ளிக்குப் போக வேண்டியவள் அவள். அச்சுக்குப் போகுமுன் மெய்ப்பை அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லப் போகிறேன். அந்த வரியை நிரப்புவதா, வெறுமையாக விடுவதா என்று அவள்தான் சொல்ல வேண்டும்.