காதிலும் வைதிகமா?

(பெருங்களத்தூர் கூட்டத்தில் பேசியது)

என் பாட்டனாருக்கு 1944ல் வந்த ‘ஹரிதாஸ்’ பாட்டுகள்தான் சங்கீதம். என் தகப்பனாருக்கு 1976ல் இளையராஜாவின் ‘அன்னக்கிளி’. அதைப் பாட்டனார் இரைச்சல் என்றார். எனக்கு 1992ல் ரகுமானின் ‘ரோஜா’. அதைத் தகப்பனார் இரைச்சல் என்றார். சென்ற வாரம் என் மகள் கேட்ட பாட்டை நானும் இரைச்சலென்று அதட்டி நிறுத்தினேன். “காரணம் என்னப்பா?” என்றாள். சொல்ல ஒரு காரணமும் என்னிடமில்லை!

வாலிபத்தில் காதில் விழுந்தது மனதில் ஊன்றிவிடுகிறது, அவ்வளவுதான். சபைகளில் சாஸ்திரீயமென்று போற்றப்படும் பிடில்கூட ஐரோப்பாவிலிருந்து வந்ததுதானே? தன் பழக்கத்தை உயர்வென்று சாதிப்பவன், வழக்கத்தைத் தர்மமென்று சாதிக்கும் வைதிகனை எந்த முகத்தோடு கண்டிப்பான் என்று கேட்கிறேன். நம் பாட்டை நாம் ரசிப்போம். பிள்ளைகள் பாட்டைப் பிள்ளைகள் ரசிக்கட்டும். அதட்டியது தவறென்று மகளிடம் ஒப்புக்கொண்டுதான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.